கடலணையை வெட்டப் போகிறார்கள், அப்பா

எசெக்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு அம்மா நேர்த்தி வைத்திருப்பதாகத் தங்கை சொன்னாள். நந்திக்கடல் களப்பு வற்றிக் கிடக்கிறது, இறாலும் குறைவு என்றாள். முழங்கால் வலிக்கு எண்ணெய் தடவுகிறீர்களா?

நான் இருக்கும் ஊரும் கடலோரம்தான். கடலுக்கும் ஊருக்கும் நடுவே நீண்ட மண்ணணை கிடக்கிறது. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். 2004 சுனாமியைக் கண்ட நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு அணைகளை உயர்த்தினார்கள். அணையின் முகட்டில்தான் ஊராரின் நடைபாதை. வேலை முடிந்து மாலையில் நானும் அதில்தான் நடக்கிறேன்.

இப்போது அந்த அணையில் வாய் வெட்டி, பின்னாலுள்ள மேய்ச்சல் நிலத்துக்குள் கடலை விடப் போகிறார்கள். மாரியில் நம் வட்டுவாகல் முகத்துவாரத்தை வெட்டுவது வெள்ளம் வடிய. இங்கே வெட்டுவது கடல் உள்ளே வர. கடல்மட்டம் உயர்கிறது. அணைக்கு முன்னாலுள்ள உவர்ச் சதுப்பு பின்வாங்க இடமில்லாமல் மூழ்குகிறது. நம் கண்டல் காட்டைப்போல அலையின் வேகத்தைத் தணிப்பது அந்தச் சதுப்புத்தான். அதனால் உள்ளே புதிய சதுப்பை உண்டாக்குகிறார்கள். இதே எசெக்ஸில் டோல்ஸ்பரி என்ற ஊரில் 1995இலேயே இப்படிச் செய்தார்கள். வாலசி தீவில் லண்டன் ரயில் சுரங்கங்களில் தோண்டிய மண் 30 இலட்சம் தொன் கொண்டுவந்து நிலத்தை உயர்த்தினார்கள். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கரிய வாத்துகள் இந்தக் கரைகளுக்குக் கூட்டமாக வருகின்றன. நீங்கள் பார்க்க வேண்டும், அப்பா.

ஆனால் ஊரில் கடும் எதிர்ப்பு. அணை வெட்டுப்பட்டால் பாதையும் அறுந்துவிடும். பறவைகள் கலையாதிருக்க, பின்னால் கட்டும் புதிய அணையின் உட்புற அடிவாரத்தில் மாற்றுப்பாதை தருகிறார்கள். அதில் நடந்தால் கடலே தெரியாது. மண்டபத்தில் கூட்டம் நடந்தபோது முதியவர்கள் குரல் தழுதழுக்கப் பேசினார்கள். பறவைகளை எவரும் பழிக்கவில்லை. திட்டமெல்லாம் வரைந்து முடித்த பிறகு வந்து கேட்கிறீர்களே என்பதுதான் அவர்களுடைய கோபம். எனக்கும் அதே கோபம். சதுப்பு வேண்டும், பாதை புதிய அணையின் முகட்டில் போக வேண்டும், வாத்துகள் தங்கும் மாதங்களில் மட்டும் ஒரு பகுதியை மூடலாம் என்று ஆட்சேபக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே ஊர்ப் பாதைகளுக்குச் சட்டபூர்வமான வரைபடம் உண்டு. 20 ஆண்டுகள் தடையின்றி மக்கள் நடந்த வழி, பொதுவழி என்று உரிமை கோரலாம். கவுன்சில் ஒரு பாதையைத் திருப்ப வேண்டுமானால் அந்தப் பாதையிலேயே அறிவித்தல் ஒட்ட வேண்டும். ஆட்சேபம் மீளப் பெறப்படாவிட்டால் கவுன்சில் தானாக அதை உறுதிசெய்ய முடியாது. அமைச்சருக்கு அனுப்ப வேண்டும்.

இதை அறிந்த நாளிலிருந்து களப்புக் கரைக்குப் போகும் நம் ஒழுங்கையைத்தான் நினைக்கிறேன். நந்திக்கடலை 2017இல் இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். பூநாரைக்கு இடம் வேண்டும், சரி. வலையோடு கரைக்குப் போகிறவனின் வழியை எந்தப் படத்தில் குறித்தார்கள்? எல்லைக்கல்லைக் கண்ட பிறகுதானே நீங்கள் விசாரிக்கப் போனீர்கள்!

ஆகவே ஒன்று செய்யுங்கள். அந்த ஒழுங்கையால் எந்தக் காலம் முதல் யார் யார் தொழிலுக்குப் போனார்கள் என்று பெரியப்பாவிடமும் மீனவர் சங்கத்தாரிடமும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மூலத்தை வீட்டிலேயே வையுங்கள். பெரியப்பாவுக்குத்தான் பழைய கதை முழுவதும் தெரியும். முதலில் அவரிடம் போங்கள்.

உங்கள் அன்பு மகள்