நமீபியா முகாம் பயணம்: முன்பணம் கட்டும் முன் ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் ஜூலை, ஆகஸ்ட் மாத நமீபியா பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் போனில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "இவ்வளவு தூரம் போறோம், எதுக்குக் கூடாரம்? நல்ல லாட்ஜ் கிடையாதா?" இருக்கின்றன, நிறையவே. லாட்ஜில்தான் தங்குவோம் என்பவர்களுக்கு அப்படியும் ஏற்பாடு செய்து தருகிறோம். ஆனால் இந்தப் பயணத்தைக் கூடாரத்தில் தங்கித்தான் நடத்துவது என்று நாங்கள் உறுதியாக இருக்கிறோம். செலவு குறைகிறது என்பது உண்மைதான், ஆனால் அது இரண்டாவது காரணம். முதல் காரணத்தைச் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். உங்களோடு வரப்போகிறவர்களுக்கும் படித்துக் காட்டிவிடுங்கள்.

நமீபியா என்றவுடன் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவுக்கு வடமேற்கே, அட்லாண்டிக் கடலை ஒட்டி நீண்டு கிடக்கிற நாடு. 1990 மார்ச் 21 அன்றுதான் விடுதலை பெற்றது. பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கும் மேல். மக்கள்தொகையோ சுமார் 30 லட்சம். அதனால் ஊரை விட்டுக் கிளம்பினால் மணிக்கணக்கில் ஆளே தென்படாது. தலைநகர் விண்ட்ஹூக்கில் இறங்கி, மறுநாள் காலை அப்படி ஒரு சாலையில்தான் நம் பயணம் தொடங்குகிறது.

முதல் முகாம் செஸ்ரியம். நமிப் பாலைவனத்தின் பெரிய மணல்மேடுகளுக்குப் போகும் வாசல் அது. 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மணற்கடல் அங்கிருந்துதான் விரிகிறது. இங்கே ஒரு விதி உண்டு. மணல்மேடுகள் இருக்கும் தேசியப் பூங்காவின் வெளிக் கதவு சூரியன் உதிக்கும்போதுதான் திறக்கும். கதவுக்கு உள்ளே தங்கியிருப்பவர்களுக்கு மட்டும், உள்கதவை ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே திறந்துவிடுவார்கள். மணல்மேடுகள் அங்கிருந்து இன்னும் 60 கிலோமீட்டர் உள்ளே. வெளியில் எவ்வளவு வசதியான லாட்ஜில் தங்கியிருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் கிடைக்காது. உள்ளே கூடாரம் போட்டிருந்தால் கிடைக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்றால், எல்லாமே அதில்தான் இருக்கிறது என்பேன். இருட்டில் மேட்டின் முகட்டைப் பிடித்து ஏறுகிறீர்கள். மணல் குளிர்ந்து கிடக்கும், ஓர் அடி வைத்தால் அரை அடி கீழே இறங்கும். வெளிச்சம் வந்ததும் முகட்டின் ஒரு பக்கம் செக்கச்செவேல் என்றும் மறுபக்கம் கன்னங்கரேல் என்றும் கத்தியால் கீறியது போலப் பிரிந்து நிற்கும். மணலில் உள்ள இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு. வெயில் ஏற ஏற நிழல் சுருங்கி, பத்து மணிக்கெல்லாம் எல்லாம் வெளிறிவிடும்.

கீழே இறங்கினால் டெட்ஃபிளே. வெள்ளைக் களிமண் தரை, அதில் கறுத்து நிற்கிற மரங்கள். முன்பு சவ்சாப் ஆற்று வெள்ளம் அதுவரை வந்துகொண்டிருந்தது. மணல்மேடுகள் நகர்ந்து வந்து வழியை அடைத்ததும் மரங்கள் பட்டுப்போயின. அவை பட்டு 600 வருடத்துக்கும் மேல் ஆகிறது. கல்லாக மாறிவிட்டதாகச் சிலர் சொல்வார்கள்; அப்படி இல்லை, மரம் மரமாகவேதான் இருக்கிறது. மக்குவதற்கு வேண்டிய ஈரம்கூட அங்கே கிடையாது. அவற்றைத் தொடவும் சாய்ந்து நிற்கவும் வேண்டாம் என்று வழிகாட்டி சொல்வார். படம் எடுக்கும் ஆர்வத்தில் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

அங்கிருந்து வடக்கே போய்க் கடற்கரையில் ஸ்வகோப்முண்ட். இங்கே கூடாரம் இல்லை, விடுதி அறை. துணி துவைக்க, வெந்நீரில் குளிக்க, வீட்டுக்குப் போன் பேச ஒரு நாள் வேண்டும். பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டி ஓடுவதால் காலையில் பெரும்பாலும் மூடுபனி இருக்கும். மழையே இல்லாத இந்தப் பாலைவனத்தில் பல உயிர்களுக்குத் தண்ணீரே இந்தப் பனிதான். ஒரு கறுப்பு வண்டு இருக்கிறது. அதிகாலையில் மேட்டு முகட்டுக்கு ஏறி, காற்றைப் பார்த்தபடி தலையைக் கீழே வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். முதுகில் படிகிற பனித்துளி வழிந்து நேராக வாய்க்கு வரும். விரல்நுனி அளவு பூச்சிக்கு இப்படி ஒரு வழி தெரிந்திருக்கிறது. பனி இருக்கும் காலையில் வண்டியை நிறுத்தித் தேடிப் பார்ப்போம்.

ஸ்வகோப்முண்டில் ஜெர்மானியர் கட்டிய அழகான வீடுகளைப் பார்ப்பீர்கள். அதோடு ஊரின் கல்லறைத் தோட்டத்துக்கும் கட்டாயம் அழைத்துப் போவோம். நமீபியா அப்போது ஜெர்மனியின் காலனி. 1904 முதல் 1908 வரை, இந்த மண்ணின் மக்களான ஹெரேரோ, நாமா இனத்தவரை ஜெர்மன் காலனிப் படை கொன்று குவித்தது. பிடிபட்டவர்களை அடைத்த முகாம்களில் ஒன்று இந்த ஊரிலும் இருந்தது. பெயர் இல்லாத சிறு சிறு மண்மேடுகளாக அவர்களுடைய கல்லறைகள் கிடக்கின்றன. அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மனி ஒப்புக்கொண்டது 2021-இல். சுற்றுலாவில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். அந்த மண்ணில் நடந்து போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

அடுத்தது டமராலாந்து. சிவந்த பாறை மலைகள், வறண்ட ஆற்றுப் படுகைகள். ட்வைஃபல்ஃபோன்டைனில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வேட்டை மக்கள் பாறையில் செதுக்கிய ஒட்டகச்சிவிங்கியும் காண்டாமிருகமும் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. வழியில் வெல்விட்சியா செடியைப் பார்ப்போம். ஆயுள் முழுக்க இரண்டே இரண்டு இலைதான் அதற்கு. காற்றில் கிழிந்து நார்நாராகக் கிடக்கும், ஆனாலும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆயிரம் வருடம் தாண்டிய செடிகளும் உண்டு.

இங்கே நாம் தங்குவது ஊர் மக்களே நடத்தும் முகாம். 1996-இல் வந்த சட்டத்தின்படி, ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கள் நிலத்தைக் காப்பகமாகப் பதிவு செய்துகொண்டால், அங்குள்ள வனவிலங்குகளால் வரும் வருமானம் அவர்களுக்கே. இன்று நாட்டின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட காப்பகங்கள். யானை வந்து தண்ணீர்த் தொட்டியை உடைத்துவிட்டுப் போனால் நஷ்டம் ஆடு மாடு மேய்க்கும் குடும்பத்துக்குத்தான். அதே யானையைப் பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் பணம் அந்த ஊருக்கே போய்ச் சேர்வதும் நியாயம்தானே? இந்த முகாம்களை நாங்கள் விடாப்பிடியாகத் தேர்ந்தெடுப்பதற்கு இதுதான் காரணம்.

இங்கே ஒரு வேண்டுகோள். கருங்காண்டாமிருகத்தைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தால், அந்தப் படத்தை எடுத்த இடம் தெரியும்படி போடாதீர்கள். போனில் லொகேஷனை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். கொம்புக்காகக் கொல்கிற கூட்டம் இன்னும் இருக்கிறது. உங்கள் படமே அவர்களுக்கு வழி காட்டிவிடும்.

கடைசியாக எட்டோஷா தேசியப் பூங்கா. 1907-இல் காப்பகமாக அறிவித்த இடம். நடுவில் சுமார் 4,800 சதுர கிலோமீட்டருக்கு உப்புப் படுகை, வெள்ளை வெளேர் என்று கண்ணைக் கூசவைக்கும். நாம் வறண்ட மாதங்களில் மட்டும் போவதற்குக் காரணம் இதன் ஓரத்தில் இருக்கும் நீர்நிலைகள். மழைக்காலத்தில் தண்ணீர் எங்கும் கிடைக்கும், மிருகங்கள் சிதறிப் போய்விடும். ஜூன் முதல் அக்டோபர் வரை அவையே தண்ணீரைத் தேடி வரும். நாம் அலைய வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். காலை எட்டு ஒன்பது மணிவாக்கில் கல்கௌதாரிகள் கூட்டமாக வந்து இறங்குவதைக் கவனியுங்கள். ஆண் பறவை தண்ணீரில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொள்ளும். பஞ்சு மாதிரி ஊறிய அந்த இறகோடு வெகுதூரம் பறந்து போய்க் குஞ்சுகளுக்குத் தண்ணீர் கொடுக்கும். சிங்கத்துக்காகவே கண்ணை வைத்திருந்தால் இது தப்பிப்போகும்.

பூங்காவுக்குள் சூரியன் மறைந்த பிறகு வண்டி ஓட்டக் கூடாது. வெளியில் தங்குபவர்கள் அதற்குள் கிளம்பிவிட வேண்டும். நாம் தங்கும் ஒகாக்குவேயோ முகாமின் விளிம்பிலேயே, விளக்கு போட்ட ஒரு நீர்நிலை இருக்கிறது. குட்டைச் சுவர், இந்தப் பக்கம் பெஞ்சு, அந்தப் பக்கம் தண்ணீர். இரவு எந்நேரமும் போய் உட்காரலாம். யானைக் கூட்டம் வந்து சேர்ந்ததே தெரியாது, அவ்வளவு மெதுவாக வரும். காண்டாமிருகம் தண்ணீர் குடிக்கையில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் காதில் விழும். சாப்பிட்டுவிட்டு ஒரு ஸ்வெட்டர், ஒரு பிளாஸ்க் டீயோடு போய் உட்கார்ந்தவர்கள், தூங்கப் போகலாம் என்று கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை. அங்கே பேசக் கூடாது, டார்ச் அடிக்கக் கூடாது. ஏன் கூடாரம் என்ற கேள்விக்கு எங்களுடைய பதில் அந்த பெஞ்சிலும் செஸ்ரியத்தின் உள்கதவிலும் இருக்கிறது.

சரி, இனி அடுத்த கேள்வி. "ராத்திரி சிங்கம் வந்தா?" எட்டோஷா முகாம்களைச் சுற்றி வேலி உண்டு. குள்ளநரி மட்டும் புகுந்து குப்பைத் தொட்டியைக் கிளறும், வெளியே விட்ட செருப்பையும் தூக்கிப் போகும். டமராலாந்து முகாமில் வேலி கிடையாது. ஜிப்பை முழுக்க மூடிய கூடாரத்தை மிருகங்கள் பொதுவாக ஒன்றும் செய்வதில்லை. ஆபத்து வருவது பெரும்பாலும் திறந்து வைப்பதாலும், சாப்பாட்டை உள்ளே வைப்பதாலும், இருட்டில் தனியாக நடப்பதாலும்தான். ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற பழங்களைக் கூடாரத்தில் வைக்கவே கூடாது; யானைக்கு அந்த வாசனை தூரத்திலேயே தெரியும். அவசரமாக வெளியே போக வேண்டுமென்றால் விசிலை ஊதுங்கள், வழிகாட்டி வந்து கூட்டிப் போவார். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. காலையில் ஷூவைத் தலைகீழாக உதறிவிட்டுத்தான் கால் விட வேண்டும், தேள் இருக்கலாம்.

கூடாரத்தைப் போடுவதும் பிரிப்பதும் உங்கள் வேலை. முதல் நாள் சொல்லிக் கொடுத்துவிடுவோம், அப்புறம் கை தானாகப் பழகிவிடும். உள்ளே மெத்தை நாங்கள் தருவோம். ஸ்லீப்பிங் பேக் மட்டும் நல்லதாக நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கா என்றால் எப்போதும் வெயில் என்று நினைத்துப் பருத்திப் போர்வையோடு வர வேண்டாம். ஜூலை இரவில் பாலைவனத்தில் குளிர் பூஜ்யத்தை ஒட்டிப் போகும், பகலில் அரைக்கைச் சட்டை போதும். முகாம்களில் கழிப்பறையும் குளியலறையும் பொதுவாகத்தான் இருக்கும். வழியில் ஒதுங்க வேண்டிவந்தால் புதர்தான். சின்ன மண்வெட்டி வண்டியில் இருக்கும். வயதான அம்மாக்களும் அப்பாக்களும் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். அந்த ஊர்ச் சாப்பாடு இறைச்சி நிறைந்ததுதான், ஆனால் விண்ட்ஹூக், ஸ்வகோப்முண்ட் கடைகளில் அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் கிடைக்கும். மூன்று கால் இரும்புப் பானையை விறகு நெருப்பில் வைத்துச் சைவத்துக்குத் தனியாகவே சமைப்போம். வடக்கு நமீபியாவின் ஓவாம்போ மக்களுக்குக் கம்புதான் அன்றாட உணவு, மஹங்கு என்பார்கள். ஒரு நாள் நம் வழிகாட்டி கிண்டுகிற கம்பங்களியைக் கீரையோடு சாப்பிட்டுப் பாருங்கள், நம் பாட்டிமார்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

சாலை பெரும்பாலும் சரளைக் கல். ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் குலுங்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும், டயர் பஞ்சராவதும் சாதாரணம். முதுகுத்தண்டு, கழுத்து எலும்புக் கோளாறு உள்ளவர்கள், சமீபத்தில் இதய சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இந்தப் பயணம் வேண்டாம் என்று உரிமையோடு சொல்கிறோம். பெரிய ஆஸ்பத்திரி பல மணி நேரத் தொலைவில் இருக்கும் நாட்கள் இதில் உண்டு. உங்களை வண்டியில் ஏற்றிவிட்டு நாங்கள் பயந்துகொண்டு இருக்க முடியாது. அவர்களுக்கு லாட்ஜில் தங்கி விமானத்தில் போகும் திட்டத்தைத் தனியாகப் பேசலாம்.

எட்டோஷா பக்கம் மலேரியா உண்டு, வறண்ட மாதங்களில் குறைவு. மாத்திரை வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். விசா, தடுப்பூசி விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் பயணத் தேதி உறுதியானதும் அன்றைய நிலவரத்தை எழுதி அனுப்புவோம். கைச்செலவுக்குத் தென்னாப்பிரிக்க ராண்ட் போதும். நமீபிய டாலருக்கும் அதற்கும் மதிப்பு ஒன்றுதான், இரண்டும் அங்கே செல்லும். மீதமாகும் நமீபிய டாலரை மட்டும் அங்கேயே செலவழித்துவிடுங்கள், வெளியே மாற்றுவது கடினம். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், வண்டியில் அடுக்க முடியாது. மடங்கும் துணிப் பை ஒன்று, தோள் பை ஒன்று போதும்.

முன்பணத்தோடு நீங்கள் தினமும் எடுக்கும் மருந்துகளின் பட்டியல், ஏதாவது ஒவ்வாமை இருந்தால் அந்த விவரம், பயணக் காப்பீட்டு நகல் மூன்றையும் அனுப்புங்கள். காப்பீட்டில் அவசர விமான மீட்புச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டோம். தனியாக வருகிறவர்கள் கூடாரத்தைப் பகிர்ந்துகொள்வீர்களா, தனியாக வேண்டுமா என்று அதிலேயே எழுதிவிடுங்கள். கேள்வி இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் போன் செய்யுங்கள், அப்போதுதான் நிதானமாகப் பேச முடியும்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்