தூங்காதது எங்கள் குற்றமா?

ஐயா,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையின் உடல்நலப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள்: "ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் முதியவர்களுக்கு மறதி நோய் நிச்சயம்." எனக்கு வயது 74. முந்தின ராத்திரி தூங்கியது நாலரை மணி நேரம். கையிலிருந்த காபி ஆறிப்போனது.

ஆர்.எம்.எஸ்.ஸில் (ரயில்வே தபால் பிரிவு) 31 வருடம், ஓடும் ரயிலில் ராத்திரி முழுக்க நின்றபடி தபால் பிரித்தவன் நான். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள்: மேலூர் 625106, உசிலம்பட்டி 625532, திருமங்கலம் 625706. உங்கள் சந்தா விலாசத்தில்தான் என் பின்கோடு இரண்டு வருடமாகத் தப்பாக வருகிறது.

அந்தக் கட்டத்துக்கு ஆதாரமான ஆய்வு 2021-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. பேத்தி செல்லில் எடுத்து வாசித்துக் காட்டினாள். இங்கிலாந்து அரசு ஊழியர்கள் 7,959 பேரை 25 வருடம் கவனித்திருக்கிறார்கள். மறதி நோய் வந்தது 521 பேருக்கு. 50, 60, 70 வயதுகளில் விடாமல் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட வாய்ப்பு 30 சதவீதம் கூடுதல். அதாவது, பத்துப் பேருக்கு வருகிற இடத்தில் பதின்மூன்று பேருக்கு. 'நிச்சயம்' எங்கிருந்து வந்தது? உதவி ஆசிரியர் தூக்கக் கலக்கத்தில் சேர்த்துவிட்டாரோ?

உங்கள் கட்டத்தில் அதிகத் தூக்கம் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் அக்கா கடைசிக் காலத்தில் பத்து மணி நேரம் தூங்கினார். "குடுத்து வச்சவ" என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வாசலில் புள்ளியெல்லாம் வைத்துவிட்டு, கோலமாவுச் சிரட்டையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். இழுக்க வரவில்லை. அந்தத் தூக்கமே நோயின் ஆரம்பமாக இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னது அப்புறம்தான்.

சரி, தூங்குகிறோம். எங்கே தூங்குவது? இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே விதி வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஆடி பிறந்தால் விடியற்காலை நாலரைக்கே கூம்பு ஸ்பீக்கர் அலற ஆரம்பிக்கிறது. போன ஆடியில் இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நாலு வரியாக நறுக்கி, 'திருவிழாத் துளிகள்' பகுதியில் போட்டீர்கள். அதே வாரம் 'தூங்கா நகரம்' என்று இட்லிக் கடைப் படங்களோடு நாலு பக்க இணைப்பு வேறு. ஊர் தூங்காவிட்டால் இணைப்பு, நான் தூங்காவிட்டால் மறதி நோயா?

தெப்பக்குளத்தைச் சுற்றி என்னோடு நடக்கிற நண்பர், உங்கள் கட்டத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மெடிக்கலில் போய்த் தூக்க மாத்திரை கேட்டு நின்றார். இந்த வயதில் அதைப் போட்டுவிட்டு ராத்திரி பாத்ரூம் போனால் இடுப்பு எலும்பு போய்விடும் என்று சொல்லிக் கூட்டிவந்தேன்.

வருகிற ஞாயிறு, அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், 'நிச்சயம்' என்பதை 'வாய்ப்பு கூடுதல்' என்று திருத்திப் போடுங்கள். முடிந்தால் என் பின்கோடையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
தெப்பக்குளம், மதுரை – 625009 (ஒன்பது, ஆறு அல்ல)