ஊர்ப்பெயர் தேடும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இலங்கை மலைநாட்டு ஊர்ப்பெயர்களைத் தொகுக்கப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஒரு பெயரை இன்னாருடையது என்று எழுதும் முன், இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார். பெயர் வைத்த ஆண்டு ஒன்று, அந்த ஆள் பதவியில் இருந்த ஆண்டு மற்றது. ஹோர்ட்டன் சமவெளிக்கு அந்தப் பெயர் வந்தது 1834இல். வில்மட் ஹோர்ட்டன் 1831 முதல் 1837 வரை இங்கே தேசாதிபதி, அதாவது பிரித்தானிய ஆளுநர். அந்தப் புல்வெளியை அவர் கண்டுபிடிக்கவில்லை. மேலே ஏறிப்போன இராணுவ அதிகாரிகள் தங்கள் தேசாதிபதியின் பெயரைச் சூட்டினார்கள். சிங்களத்தில் அதற்கு மகாஎலிய என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. அதையும் பக்கத்தில் எழுது. நுவரெலியாவில் சதுப்பு நிலத்தை வாவியாக்கியது 1873இல். தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலம் 1872–1877. அதனால்தான் அது கிரகரி வாவி. ஆண்டுகள் பொருந்தாவிட்டால் அந்தக் கதையை நம்பாதே.

தோட்டங்களில் பதவியை விடச் சொந்தபந்தமும் காசும் பேசும். புசல்லாவையில் 1841இல் கோப்பித் தோட்டம் போட்ட வோர்ம்ஸ் சகோதரர்களின் தாய், ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்துப் பெண். அந்தத் தோட்டம் இன்றும் ரொத்சைல்ட்தான். தோமஸ் லிப்டன் தம்பேதென்ன தோட்டத்தை வாங்கியது 1890இல். அவர் பெயரில் லிப்டன் சீட் என்ற மலைக்காட்சி முனை இருக்கிறது, ஊர் உலகமெல்லாம் போய்ப் பார்க்கிறது. அவருக்கு 23 வருடம் முந்தி, 1867இல், லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரை எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஆள் பெயர் மாதிரித் தெரிந்து ஏமாற்றுகிறவையும் உண்டு. பேதுருதாலகாலையில் புனித பேதுரு இல்லை. சிங்களத்தில் அது பிதுருதலாகல. பிதுரு என்றால் வைக்கோல். ஆங்கிலேயர் வாயில் அது பெட்ரோ ஆனது. ஹட்டன் என்று ஒரு துரை இருந்தார் என்று யாராவது சொன்னால் எழுதிவிடாதே, அது ஸ்கொட்லாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். சீதாஎலிய, இராவணன் நீர்வீழ்ச்சி இவற்றைத் தனியே வை. அவற்றுக்கு ஆண்டு தேட முடியாது.

இனி முக்கியமான விஷயம். மேலே சொன்னவை எல்லாம் வரைபடத்தில் இருக்கின்றன, எங்கும் போகாது. நம் சனங்கள் வாயில் வைத்த பெயர்கள்தான் அழிகின்றன. தொழிலாளர்களை ஆள்கட்டிக் கொண்டுவந்த கங்காணியின் பெயரில் ஒரு லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கோயில் கட்டியவர் பெயரில் ஒரு மேடு. தோட்டக் கந்தோர் (அலுவலக) ஏட்டில் அந்த இடம் டிவிசன் பெயரும் மலை நம்பரும் மட்டுமே. லயத்தை இடித்தால் பெயரும் போய்விடும். டன்சினன் தோட்டத்தில் 2018இல் கையளித்த 404 வீடுகளுக்கு மகாத்மா காந்திபுரம் என்று பெயர். நல்ல பெயர்தான், ஆனால் அப்படி ஒரு புதுக் குடியிருப்பைப் பதியும்போது அந்த மலையை முன்பு எப்படிக் கூப்பிட்டார்கள் என்றும் கேட்டு எழுத வேண்டும்.

பெயர் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இங்கே இல்லை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. கப்பலேறியவர்களோடு அந்தப் பெயர்களும் போயின. நீ இருக்கும் கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரியும் கூடலூரும் பக்கம்தான். தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்கள் அங்கே நிறைய. எடுத்தவுடன் “ஊர்ப்பெயர் என்ன?” என்று கேட்காதே, தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்வார்கள். “எந்தக் கங்காணி பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) இருந்தீர்கள், எந்த மலையில் கொழுந்து எடுத்தீர்கள், தண்ணீர் எங்கே பிடித்தீர்கள்?” என்று கேள். பெயர் தானாக வரும். அவர்கள் சொல்கிற உச்சரிப்பிலேயே எழுது, திருத்தாதே. சொன்னவரின் வயதையும், தோட்டம், டிவிசனையும் அதே வரியில் குறி. இரண்டு பேர் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் வை. முடிந்த பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. இங்கே உள்ள பெரியவர்களிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா