கூடினால் நல்லதா?

ஆசிரியருக்கு,

கட்டிகளை அடக்கும் புரதங்களை ஆராயும் விஞ்ஞானியைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சென்னையில் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்படிப்பட்ட புரதங்களில் ஒன்றான பி53-க்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதில் சந்தோஷம். ஆனால் இந்தப் புரதம் கூடினால் புற்றுநோய் அண்டாது என்கிற மாதிரி தலைப்புப் போட்டுவிட்டீர்களே! முட்டை சாப்பிட்டால் ஏறுமா என்று எங்கள் தெருவில் கேட்கிறார்கள். ஏறாது. சாப்பிடுகிற புரதம் வயிற்றிலேயே செரித்துப் போகும். பி53-ஐ ஒவ்வொரு செல்லும் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

உண்மையில் நல்ல செல்லில் பி53 கொஞ்சம்தான் இருக்கும். உண்டாக உண்டாக, எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதைச் சிதைக்க வைத்துவிடும். டிஎன்ஏவில் சேதம் போன்ற நெருக்கடி வந்தால்தான் பி53 சிதையாமல் தங்கும். செல் பிரிவதை நிறுத்தும், முடியாவிட்டால் செல்லையே சாகடிக்கும். மரபணு பிறழ்ந்து கெட்டுப்போன பி53-தான் பல கட்டிகளில் சிதையாமல் குவிந்து கிடக்கும். ஸ்லைடில் பி53-ஐக் காட்டும் சாயம் ஏற்றினால் நல்ல திசுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய பழுப்பு தெரியும். அந்தக் கட்டிகளிலோ நியூக்ளியஸ் எல்லாம் கெட்டி டிகாக்‌ஷன் நிறம். அதைப் பார்த்து எந்த டாக்டரும் நிம்மதி அடைந்ததில்லை. சாயம் துளிகூட ஏறாவிட்டாலும், பி53 உண்டாகவே இல்லையோ என்று சந்தேகம்தான். 1979-ல் பி53-ஐக் கண்டுபிடித்தவர்களே அதைப் புற்றுநோயைத் தூண்டுவது என்றுதான் எண்ணினார்கள். சோதனைகளில் கையாண்டது பிறழ்ந்த வடிவத்தை. நல்ல பி53 கட்டியை அடக்குவது என்ற குட்டு 1989 வாக்கில்தான் வெளிப்பட்டது.

அப்புறம், புரோட்டியோமிக்ஸ், அதாவது செல்லின் புரதங்களை மொத்தமாக ஆராய்வது பற்றிய பகுதியில், மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியின் பெருமைதான் அதிகம். ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே ஓட்டத்தில் அளக்கும், சரி. எந்தப் புரதத்தில் எந்த இடத்தில் பாஸ்பேட் என்ற சிறு ரசாயனத் துணுக்கு ஒட்டியிருக்கிறது என்றும் சொல்லும். புரதம் வேலை செய்கிறதா, சும்மா கிடக்கிறதா என்பதற்கு அது ஒரு தடயம். ஆனால் வெட்டியெடுக்கும் திசுவுக்கு ரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே அந்த பாஸ்பேட் கணக்கு மாறத் தொடங்கிவிடும். திசு அழுகாமல் காக்கும் பார்மலின் திரவத்தில் மெதுவாக ஊறிய துண்டில் அதை நம்பிப் படிக்க முடியாது. துண்டை உடனே உறைய வைக்க ஆபரேஷன் தியேட்டரிலேயே திரவ நைட்ரஜனோடு ஒருவர் காத்திருக்க வேண்டும். அந்த ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை.

சென்னை ஐஐடியில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. நோயாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே ஒரு துண்டு போய்ச் சேரும். அடுத்த கட்டுரையை அங்கிருந்து எழுதச் சொல்லுங்கள். தலைப்பை மட்டும் விஞ்ஞானியிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
சென்னை