ஓஎஸ் மாற்றி அனுப்பிய 4 கால்குலேட்டர்கள்: மாற்றித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: கால்குலேட்டர் விளையாட்டு எழுதும் மாணவர் குழு, சிங்கப்பூர்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கடையில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த, புரோகிராம் எழுதி ஓட்டக்கூடிய பழைய டிஐ-84 பிளஸ் சிஇ கால்குலேட்டர் 6 வாங்கினோம். விளம்பரத்தில் "ஓஎஸ் 5.3.0, சி மற்றும் அசெம்பிளி புரோகிராம்கள் ஓடும்" என்று போட்டிருந்தீர்கள். ஓஎஸ் என்பது கால்குலேட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். சி, அசெம்பிளி இரண்டும் வேகமாக ஓடும் புரோகிராம்களை எழுதும் மொழிகள். நாங்கள் வாங்கியதே அந்த ஒரு வரிக்காகத்தான். வந்தவற்றில் 2 மட்டுமே 5.3.0. மற்ற 4-இல் 5.8.0 இருக்கிறது. செகண்ட் பட்டனை அழுத்தி, கூட்டல் பட்டனில் உள்ள மெம் மெனுவைத் திறந்து, 1-ஐ அழுத்தினால் பதிப்பு எண் தெரியும். ஆறின் திரைப் படங்களையும் பில்லுடன் இணைத்துள்ளோம்.

"புதிய பதிப்புதானே, நல்லதுதானே" என்று உங்கள் ஊழியர் பதில் எழுதினார். கணக்குப் போட மட்டும் வாங்குகிறவருக்கு அது சரி. எங்களுக்கு அது இயந்திரத்தின் பாதியைப் பிடுங்கிவிட்ட மாதிரி. தயாரிப்பாளர் தேர்வுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, 2020 முதல் வந்த புதிய பதிப்புகளில் அசெம்பிளி, சி புரோகிராம்களை ஓடவிடாமல் நிறுத்திவிட்டார். ஒருமுறை அந்தப் பக்கம் போன கால்குலேட்டரில் டிஐ கனெக்ட் (கணினியிலிருந்து ஃபைல் ஏற்றும் தயாரிப்பாளரின் மென்பொருள்) மூலம் பழைய ஓஎஸ்ஸை ஏற்ற முடியாது. நாங்களே சரிசெய்துகொள்ளக்கூடிய குறையாக இருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டோம்.

"லைப்ரரி ஃபைல் விட்டுப்போயிருக்கும்" என்றும் சொன்னீர்கள். லைப்ரரி என்பது விளையாட்டு ஓடக் கூடவே ஏற்ற வேண்டிய துணை ஃபைல். குறை அது இல்லை. லைப்ரரி இல்லாவிட்டால் விளையாட்டு தொடங்கி, எது இல்லை என்று தானே திரையில் காட்டிவிட்டு நிற்கும். இங்கே புரோகிராம் தொடங்கவே இல்லை. அதே ஃபைலையும் அதே லைப்ரரிகளையும் 5.3.0 உள்ள இரண்டில் ஏற்றினோம், உடனே ஓடியது.

"பேசிக்கில் எழுதலாமே" என்பது அடுத்த பதில். பேசிக் என்பது கால்குலேட்டரிலேயே உள்ள எளிய புரோகிராம் மொழி. எழுதுகிறோம், மாணவர்கள் தொடங்குவதே அதில்தான். ஆனால் திரையில் எழுத்துகளைக் காட்டும் அவுட்புட் கட்டளைக்குக் கிடைப்பது 10 வரி, 26 எழுத்து. பாம்பு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் தலையை வரைந்து, வாலின் கடைசிக் கட்டத்தை அழித்து, எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்று சொல்லும் கெட்கீ-யில், அம்புக்குறிப் பட்டன்களுக்கான 24, 25, 26, 34 ஆகிய எண்களில் எது வந்தது என்று பார்க்க வேண்டும். பேசிக் ஒவ்வொரு வரியையும் ஓடும்போதே படித்துப் புரிந்துகொள்வதால், உடலின் இடங்களை வைத்திருக்கும் லிஸ்ட் நீள நீளப் பாம்பு மந்தமாகிவிடும். சி-யில் எழுதினால் 48 மெகாஹெர்ட்ஸ் இஇசட்80 சிப் நேரடியாக வேலை செய்கிறது. 320-க்கு 240 புள்ளித் திரை முழுவதும் கைக்கு வருகிறது. அடுத்த காட்சியை மறைவில் வரைந்து ஒரே நேரத்தில் மாற்றலாம், மினுக்கல் இருக்காது. இந்த வித்தியாசத்தை மாணவர்கள் தங்கள் கையில் பார்க்க வேண்டும் என்றுதான் ஆறு வாங்கினோம்.

தடையைத் தாண்டும் சுற்றுவழிகள் உண்டு, தெரியும். தேர்வுக்கு முன் நினைவகத்தை அழிக்கும் ஊரில், ஒவ்வொரு முறையும் அதை மறுபடி செய்யச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுக்க முடியாது. விளம்பரத்தில் சொன்னதும் அது அல்ல.

கேபிளிலும் குறை உண்டு. இரண்டு கால்குலேட்டர்களை இணைக்கும் கேபிளுக்கு ஒரு முனை மினி-ஏ, மறுமுனை மினி-பி இருக்க வேண்டும். மினி-ஏ முனையில் நான்காவது பின் தரையோடு இணைந்திருக்கும், அதை வைத்துத்தான் எந்தக் கால்குலேட்டர் தலைமை என்று முடிவாகும். நீங்கள் தந்த 3 கேபிள்களிலும் இரு முனையும் மினி-பி. ஃபைலைப் பெறும் கால்குலேட்டரில் முதலில் லிங்க் மெனுவில் ரிசீவ் கொடுத்துக் காத்திருக்க வைத்து, பிறகு மற்றதில் அனுப்பிப் பார்த்தோம். எதுவும் நகரவில்லை. எங்களிடம் இருந்த சரியான கேபிளில் அதே ஃபைல் போய்ச் சேர்ந்தது.

விற்பதற்கு முன் புது ஓஎஸ் ஏற்றுவது உங்கள் வழக்கம் என்று எழுதியிருந்தீர்கள். பழைய உரிமையாளரின் ஃபைல்களை அழிக்க அது தேவையே இல்லை. மெம் மெனுவில் 7-ஆவது ரீசெட்டில் ரேமையும் (தற்காலிக நினைவகம்), ஆர்க்கைவில் (நிலையான சேமிப்பு) வார்ஸ், அதாவது சேமித்த ஃபைல்களை மட்டும் தேர்ந்தெடுத்தும் அழித்தால் போதும். ஆப்களும் இருக்கும், ஓஎஸ்ஸும் அப்படியே இருக்கும்.

அந்த 4-ஐயும் 5.4.0 அல்லது அதற்கு முந்தைய ஓஎஸ் உள்ளவையாக மாற்றித் தாருங்கள். அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றின் பதிப்புத் திரையையும் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் 4-க்கும் முழுத் தொகையைத் திருப்பித் தாருங்கள், எடுத்துச் செல்லும் செலவு உங்களுடையது. சரியான கேபிள் 3 தனியாக வேண்டும். விளம்பரத்தில் இன்னும் அதே வரி நிற்கிறது, கையிருப்பில் உள்ளவற்றைத் திறந்து பார்க்கும் வரை அதை எடுத்துவிடுங்கள்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வந்த 4-ஐயும் பெட்டியோடு, எதுவும் ஏற்றாமல் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
குழுவின் சார்பில்