சித்தப்பா, அத்தையின் தோளை நானும் வெட்டிவிட்டேன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

குடியாத்தத்தில் எல்லோரும் நலமா? போன மாதம் சத்துவாச்சாரி வீட்டுப் பரணை ஒழித்தபோது, மஸ்கட்டிலிருந்து நீங்கள் கொண்டுவந்த கோடாக் பாக்கெட் இன்ஸ்டமேட்டிக் கேமரா கிடைத்தது. ஜாமெட்ரி பாக்ஸை ஒடுக்கிச் செய்தது மாதிரி இருக்குமே, அதேதான். அத்தையிடம் காட்டினேன். "இதுலதானே என்னை வெட்டினான்" என்றார்.

ஆல்பத்தில் நீங்கள் எடுத்த குரூப் போட்டோ எதிலும் அத்தைக்கு முழுத் தோள் கிடையாது. இரண்டு படங்களில் ஒரு காதும் போய்விட்டது. நிலத் தகராறுக்கு அப்புறம், நீங்கள் வேண்டுமென்றே வெட்டினீர்கள் என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சியாகவே ஆகிவிட்டன. நானும் சேர்ந்து சிரித்தவன்தான். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இதற்கான 110 கார்ட்ரிட்ஜ், அதாவது பிலிம் அடைத்த பிளாஸ்டிக் டப்பி, இன்னும் கிடைக்கிறது. கோடாக் 1972-இல் கொண்டுவந்தது. நடுவில் எல்லோரும் கைவிட்டுவிட, 2012-இல் லோமோகிராபி என்ற பிலிம் கேமரா நிறுவனம் மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் 'டைகர்' கலர் பிலிம் இரண்டு வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் 24 படம். வேலூர் வெயிலுக்குப் பயந்து, பிரிட்ஜில் முள்ளுக் கத்திரிக்காய்ப் பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

மாட்டுவது இவ்வளவு சுலபம் என்று நீங்கள் சொன்னதே இல்லையே! மூடியைத் திறந்து கார்ட்ரிட்ஜை உள்ளே போட்டு மூடினால் முடிந்தது. பிலிமைக் கோர்க்க வேண்டாம், கடைசியில் திருப்பிச் சுற்றவும் வேண்டாம். கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறது. படத்துக்கு ஒரு துளை. அதில் ஒரு சின்ன ஊசி விழுந்ததும் நகர்த்துவது நின்றுவிடுகிறது. பின்னால் இருக்கும் ஜன்னலில் எண் தெரியும். நம்மூர் வெளிச்சம் அதன் வழியாக உள்ளே போய்விடுமோ என்று கறுப்பு டேப் ஒட்டி, நிழலில் நின்றுதான் பிரித்துப் பார்த்தேன்.

கோட்டைக்குப் போனேன். போகஸ் கிடையாது, ஷட்டரை மாற்ற வழி கிடையாது. இந்தக் கேமராவுக்கு வெயில் ஒன்றுதான் கேள்வி. அதற்கு வேலூரில் பஞ்சமா? அகழித் தண்ணீர், மதில், அதன் மேல் வானம் எல்லாம் நன்றாகவே விழுந்தன. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களைக் குறிவைத்தேன். ஆறு படமும் கரி. சிலையின் பல் மட்டும் லேசாகத் தெரிகிறது.

கழுவுவதற்குத்தான் அலைந்தேன். இங்கே கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் கார்ட்ரிட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது இன்னும் இருக்குதா?" என்றார். கடைசியில் சென்னைக்கு அனுப்பினேன். வந்த நெகட்டிவ் 13-க்கு 17 மில்லிமீட்டர், என் கட்டைவிரல் நகம்தான். சாதாரண 35 எம்.எம். படத்தில் கால்வாசி. பெரிதாக்கினால் முகத்தில் ரவை தூவியது போல் இருக்கிறது.

கடைசிப் படம், வாசலில் நம் வீட்டார். அத்தை வழக்கம்போல் ஓரத்தில். கண் வைத்துப் பார்க்கும் வியூபைண்டரில் முழுசாகத் தெரிந்தார், சத்தியமாக. பிரிண்டில் தோள் இல்லை!

அப்புறம்தான் கேமராவை எதிரில் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். நாம் பார்க்கும் கண்ணாடி ஒரு பக்கம், லென்ஸ் தள்ளி இன்னொரு பக்கம். தூரத்தில் இருக்கும் மலைக்கு இது பொருட்டே இல்லை. நாலடியில் நிற்கும் அத்தைக்கு சில விரல்கடை போய்விடும். மூக்குக் கண்ணாடி போட்டவர் கண்ணைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் இன்னும் மோசம். பிரிண்ட் போடும்போது ஓரம் வேறு கொஞ்சம் வெட்டுப்படும். உங்கள் கண்ணாடி எவ்வளவு தடிமன் என்று எனக்குத் தெரியாதா?

அத்தையிடம் இதையெல்லாம் காகிதத்தில் கோடு போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவன் கேமராவைத் தூக்கினா அவன் புத்திதான் வரும்" என்று உள்ளே போய்விட்டார். ஆனால் படத்தைத் திருப்பித் தரவில்லை.

இன்னொரு கார்ட்ரிட்ஜ் பிரிட்ஜிலேயே இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு வரும்போது நீங்களே எடுங்கள், அத்தையை நடுவில் நிறுத்திவிடுகிறேன். கேமரா தலையில் சொருகும் அந்த நாலு முகப் பிளாஷ் க்யூப் ஏதாவது மிச்சம் இருந்தால் எடுத்து வாருங்கள். பரணில் காலி டப்பாதான் இருந்தது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்