கோல் காக்கும் மகளுக்கு

சுங்கை சிப்புட்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ போனில் கொதித்ததை அம்மா சொன்னாள். உன் அலுவலக ஆண்கள் ஐஸ் ஹாக்கி குழுவுக்குக் கோல்கீப்பர் கிடைக்காமல் உன்னைக் கூப்பிட்டார்களாம். பெண்ணை நிறுத்தினால் படமும் நன்றாக வரும் என்று எவனோ சொன்னது உன் காதில் விழுந்ததாம். அதனால் போகப்போவதில்லையாம். போ என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே வெட்டிவிடுவாய்.

சன்வே பிரமிட் பனித்தளத்தில் சறுக்கப் பழகிய நாளில் உன் அறைச் சுவரில் கனடாவின் கியூபெக் பெண் ஒருத்தியின் படம் ஒட்டியிருந்தாயே, மனோன் ரேயோம். 1992 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் தாம்பா பே லைட்னிங் ஐஸ் ஹாக்கி ஆண்கள் குழுவின் கோலில் நின்றபோது அவருக்கு வயது 20. விளம்பரமும் ஒரு காரணம் என்பதைக் குழுவின் மேலாளர் பில் எஸ்போசிட்டோ மறைக்கவே இல்லை. ரேயோமும் தெரிந்தேதான் போனார். பெண் என்பதால் எத்தனையோ பேர் வேண்டாம் என்றார்கள், இன்று பெண் என்பதாலேயே வா என்றால் நான் எதற்கு மறுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. செயின்ட் லூயிஸ் புளூஸுக்கு எதிராக ஒரே ஒரு பீரியட், 20 நிமிடம். வந்த 9 அடிகளில் 7 தடுத்தார், 2 உள்ளே போயின. பருவத்துக்கு முந்திய காட்சி ஆட்டம்தான். ஆனாலும் அதற்கு முன் எந்தப் பெண்ணும் என்.எச்.எல். என்ற வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கின் குழு ஒன்றுக்காக ஆடியதில்லை. அந்த டிசம்பரிலேயே அதற்குக் கீழ்நிலை லீக்கில் ஆடிய அட்லாண்டா நைட்ஸ் குழு அவரை முறையான லீக் ஆட்டத்தில் இறக்கியது. 1998இல் நகானோவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது கனடா குழுவோடு வெள்ளி வாங்கினார்.

என் கதை உனக்குத் தெரியாது. எனக்குப் பதினான்கு வயதில் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கால்பந்துக் குழுவின் கோல்கீப்பர் சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் சும்மா நின்ற என்னைக் காட்டி, "கொக்கு மாதிரி இருக்கிறான், மூன்றாவது கம்பமாக நிற்கட்டும்" என்றார் மேற்பார்வை பார்க்கும் மண்டோர். திடலே சிரித்தது. மூன்று வருடம் எனக்கு அதுதான் பெயர். ஆனால் பதினோரு வருடம் அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை. காலையில் பால் வெட்டிவிட்டு வந்தால் விரல்களில் காய்ந்த பால் தோல் மாதிரி ஒட்டியிருக்கும். ஆட்டத்துக்கு முன் எல்லோரும் உரித்துப் போடுவார்கள். நான் உரிக்கமாட்டேன், பந்து வழுக்காது. நாற்றத்துக்கு எதிராளியும் கொஞ்சம் தள்ளியே நிற்பான்!

போன தீபாவளிக்கு நீ அனுப்பிய பக், அதுதான் ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டு, டிவி மேல்தான் இருக்கிறது. அம்மாவின் தராசில் 165 கிராம் காட்டியது. முழுக்கக் கெட்டி ரப்பர். துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள் என்றாயே, நம்பாமல் ஓர் இரவு மீனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலையில் சிமெண்ட் தரையில் போட்டால் கல் மாதிரி டொக்கென்று விழுந்தது. அம்மாவிடம் வாங்கிய திட்டு தனி. இருபது வருடம் நிரை பிடித்து ரப்பர் மரம் வெட்டியவனுக்கு, துள்ளாத ரப்பரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது இன்னும் ஜீரணமாகவில்லை.

முகமூடியின் வார் தளர்ந்துவிட்டது என்றாய். போவதற்கு முன் அதை மாற்று. 1991இல் ஆண்கள் ஜூனியர் ஆட்டம் ஒன்றில் முகமூடியில் பட்ட அடியில் ரேயோமுக்குக் கண்ணுக்கு மேலே கிழிந்து தையல் போட்டார்கள். இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

எத்தனை உள்ளே போனது என்று எனக்கு மட்டும் எழுது. என் முதல் ஆட்டத்தில் 6. அதுவும் உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா